நங்கூரக் கதையும் முலுண்ட் மாப்பிள்ளையும்

சீனாக்காரன் போன வருஷம் நம் எல்லைக்குள் நுழைந்ததற்குக் காரணம் கதைப் புத்தகங்கள்தான் என்று என் மாமா வேங்கடசுப்ரமணியன் கண்டுபிடித்தார். 1963-ம் வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பம்பாயில் மாட்டுங்கா வீட்டு ஹாலில், கையில் சவர பிரஷ்ஷோடு நின்றபடி இதை அவர் உலகுக்கு அறிவித்தார். உலகம் என்பது அப்போது நான், மாமி, ஷ்யாமளா சித்தி ஆகிய மூவர்.

அவருடைய தர்க்கம் எளிமையானது. வளர்ந்த மனுஷன் ஒருவன் கதை கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்கிற கணத்தில் அவன் மூளை வேலைநிறுத்தம் செய்கிறது. நாற்பது கோடிப் பேரும் ஒரே சமயத்தில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஹிமாலயத்தை யார் பார்த்துக்கொள்வது? மாமா இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டு சொல்லி நான் பார்த்ததில்லை. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். இருபது வருஷமாகக் கப்பல்களைக் காகிதத்தில் ஏற்றி இறக்குகிறார். கப்பலில் ஏறினால் தலை சுற்றும் என்று கரையிலேயே இருந்துவிட்டவர்.

இந்தப் பிரகடனத்துக்குக் காரணமான குற்றவாளி மேஜைமேல் இருந்தது. 'நங்கூரம் விழுந்த நகரம்' என்ற நாவல். முப்பது வருஷத்துக்கு முன்னால் தொடர்கதையாக வந்து ஊரையே பைத்தியமடித்ததாம். இப்போது பரிசுப் பதிப்பாக, தனியாக ஓர் அட்டைப் பெட்டிக்குள், சிவப்புக் காலிகோத் துணி அட்டையும் தங்க எழுத்தும் பட்டு நாடாவுமாக வந்திருந்தது. நடுநடுவே வழவழப்பான தாளில் வர்ணப் படங்கள். ஒவ்வொரு படத்தின் மேலும், நாணம் கொண்ட மணப்பெண்ணுக்கு முக்காடு போட்டமாதிரி ஒரு பட்டர் பேப்பர்.

அதை அனுப்பியவர் முலுண்டில் குடியிருக்கும் அனந்தநாராயணன். ஆனி மாதக் கடைசியில் ஷ்யாமளா சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்.

சித்தி என்றால் என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பாட்டி தாத்தா இல்லாததால் அவளைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு மாமாவுடையது. சித்தி ஒரு பெரிய ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். பகல் முழுவதும் காதில் குரல்கள். 'ஹலோ' என்கிற ஒரு வார்த்தையைக் கேட்டால் போதும், எதிரே இருப்பவன் கடன்காரனா, கருமியா, சம்சாரத்துக்குப் பயந்தவனா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளைப் பார்க்க வந்த மனிதர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பஜ்ஜி சாப்பிட்டு, மின்விசிறியையே பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று மாமி கேட்டதற்குக்கூட அவருடைய அப்பாதான் போதும் என்றார்.

மறுநாளே பையனுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தது. மாமாவுக்கு அன்றைக்கே ஆவணி முகூர்த்தம் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. சித்திக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

"பேக்கெட்டைக் காட்டிட்டு உள்ளே என்ன இருக்குன்னு கேட்டா நான் எப்படிச் சொல்றது, அண்ணா? ஒரு ஹலோவாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். அநேகமாக அவள் வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில்தான் இந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கொட்டுகிற மழையில், அதைக் கொண்டுவந்தவர் பூலோகம். அனந்தநாராயணன் டிராயிங் ஆபீஸில் வேலை பார்க்கும் அதே விக்ரோலி ஃபாக்டரியில் ஃபிட்டர். தாராவியில் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தான் நனைந்து, பொட்டலத்தை நனையாமல் வைத்திருந்தார். சார் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று மாமா குடைந்தார்.

"சொல்லலைய்யா. அவுக எங்க சொல்லுதாவ? எங் கையில குடுத்தாவ. மாட்டுங்கா இருக்க திசையில கையக் காட்டுனாவ. நான் வந்துட்டேன்" என்றார் பூலோகம். மாமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அந்தத் திசையறிவில் சற்றே பெருமையோடு மழையில் இறங்கிப் போனார்.

சித்தி முதல் படத்தைப் பார்த்தாள். கடலுக்கு நடுவே ஒரு படகு; விளிம்பில் ஓர் ஆள் குனிந்து தண்ணீருக்குள் இறங்கும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, இதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று மாமாவிடம் சொன்னாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் தமிழ் ஆறாக ஓடும். வாய் வழியாக மட்டும். மாமாவும் மாமியும் பாலக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். சித்தி பம்பாயில் வளர்ந்தவள். இங்கிலீஷ், ஹிந்தி, மராட்டி மூன்றும் தெரியும். தமிழ் எழுத்துகள் அவர்களுக்குத் தூரத்து உறவுக்காரர்கள் மாதிரி. கல்யாணத்தில் பார்த்தால் அடையாளம் தெரியும், பேர் ஞாபகத்துக்கு வராது. கோயம்புத்தூரில் படித்துவிட்டுக் காலேஜுக்காக இங்கே வந்த நான் ஒருவன்தான் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன். நாட்டுக்கு என்னால் ஆன உதவியாக, இரண்டே நாளில் உரக்க வாசித்து முடித்துவிடுகிறேன் என்றேன்.

"நீ படிச்சா உன் குரல்தாண்டா, பஞ்சு, கேக்கும்" என்றாள் சித்தி.

திங்கட்கிழமை அவள் ஆபீஸ் போனதும், எனக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் புத்தகமும் முடிந்தது, காய்ச்சலும் விட்டது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கதையை அவளிடமும் சரி, வேறு யாரிடமும் சரி, மூச்சு விடக்கூடாது என்று அவள் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில், ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஜன்னலோரம் உட்கார்ந்து வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு உரக்க எழுத்துக் கூட்டுவாள். ப, ட, கு, படகு. கூட்டெழுத்து வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவாள். மாமி ஒரு வாரம் பார்த்துவிட்டு, இந்த வேகத்தில் போனால் இந்த ஆவணி இல்லை, அடுத்த ஆவணியும் சந்தேகம் என்று கணக்கிட்டாள்.

மாமாவின் கேலிக்கு அளவில்லாமல் போயிற்று. இருபத்து நாலு வயசுக் கழுதை ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்திருக்கிறது என்றார். விரலை எடுத்தால் எழுத்தெல்லாம் ஓடிப்போய்விடுமா என்று விசாரித்தார். குட்ஸ் வண்டிகூட இதைவிடச் சீக்கிரம் கல்யாண் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும், படிக்கிறபோது உதடு அசைகிறவர்களைப் பட்டாளத்தில்கூட எடுக்கமாட்டான் என்றார். சித்தி ஒன்றுக்கும் நிமிரவில்லை. விரலை அடுத்த வார்த்தைக்கு நகர்த்தினாள்.

மாமா சவரம் செய்துகொள்ளும் கண்ணாடி அதே ஜன்னல் பக்கத்தில் மாட்டியிருந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். அதை வேறு இடத்தில் மாட்டலாமே என்று மாமி ஒருநாள் யோசனை சொன்னபோது, இந்த வெளிச்சம் வேறெங்கும் வராது என்று சொல்லிவிட்டார். அது ஆடி மாதம். பம்பாயில் எங்குமே வெளிச்சம் இல்லை.

கதை இதுதான். ஒரு படகுக்காரன் நடுக்கடலில் நங்கூரம் போடுகிறான். திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் தண்ணீருக்குள் குதிக்கிற இடத்தில், கண்ணாடிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நங்கூரம் மாட்டிக்கொண்டால் கயிற்றை அறுத்துவிட்டுப் போவதுதான் உலக வழக்கம்; கப்பல் கம்பெனி அதை நஷ்டத்தில் எழுதிக்கொள்ளும்; எந்த மடையனும் குதிக்கமாட்டான் என்று அது சொன்னது. மறுநாள் காலை, அந்த நங்கூரம் அவனுடையது இல்லை, இன்னொருவரிடம் இரவல் வாங்கியது என்ற வரியைச் சித்தி கூட்டி முடித்தாள். கண்ணாடியில் மாமாவின் கை நின்றது.

"ஓ. இரவலா. அப்போ சரி" என்றார். பிறகு, தான் எதுவும் சொல்லாததுபோல் தாடையைத் தூக்கிக் கழுத்துப் பக்கம் வழிக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு அவருக்கு முகம் முழுதும் சோப்பு காய்ந்து வெடிப்பு விடுகிற வரைக்கும் சவரம் நடந்தது. நங்கூரம் கடலுக்கு அடியில் ஒரு நகரத்துக் கோபுரக் கலசத்தில் மாட்டியிருந்ததென்று தெரியவந்த காலையில், கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். ஆபீஸுக்குப் படிக்காரம் தடவிக்கொண்டு போனார்.

ஆடி பாதி போனதும் மாமாவுக்குப் பொறுமையும் பாதி போயிற்று. சித்தி குளிக்கப் போயிருந்தபோது, மேற்பார்வை என்கிற முறையில் புத்தகத்தைத் திறந்து, நாடா வைத்திருந்த இடத்துக்குச் சற்று முன்னே தள்ளி ஒரு பட்டர் பேப்பரைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். படத்தில் அந்தப் படகுக்காரன் தன் வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு நிற்கிறான். எதிரே கடல் நகரத்து இளவரசி கண்ணீர் விடுகிறாள். கீழே ஒரு வரி எழுதியிருக்கிறது. மாமாவால் அதைப் படிக்க முடியவில்லை. படிக்க முடியாத இடத்தை அவர் மூளையே பூர்த்தி செய்துவிட்டது.

என்னைப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பஞ்சு, அவன் குரலை நீ கேட்டிருக்கியோ?"

"யார் குரலை?"

"முலுண்ட் பையன் குரலைடா. நான் கேட்டதில்லை, மாமி கேட்டதில்லை. ஃபிட்டர்கிட்டயே கையைத்தான் காட்டியிருக்கான். இப்போ வாயைப் பொத்திண்டு நிக்கறவன் படம் போட்ட புஸ்தகத்தை அனுப்பியிருக்கான். நேரே சொல்லக் கூச்சப்பட்டுண்டு படத்துலே சொல்லியிருக்கான். அவனுக்குப் பேச்சு வராது, கேட்டியா."

அந்தப் படம் கதையில் வருகிற ஒரு சம்பவம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்ன சம்பவம் என்று கேட்க மாமா வாயைத் திறந்தார். ஹிமாலயம் ஞாபகம் வந்திருக்கவேண்டும், மூடிக்கொண்டார். பிறகு, கேள்வியே அல்லாத ஒரு குரலில், அந்தப் படத்தில் இருப்பவனுக்கு வைத்தியம் ஏதாவது நடக்குமோ என்னமோ என்றார். சித்தி தலைமேல் சத்தியம் செய்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை விக்ரோலிக்கு அனுப்பினார். பையன் பேசுகிறானா இல்லையா என்று மட்டும் தெரிந்துகொண்டு வரவேண்டும்; வேறு ஒன்றும் வேண்டாம்.

ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் விக்ரோலி ஸ்டேஷனில் போய் நின்றேன். கூட்டத்தில் பூலோகம் என்னைக் கண்டுகொண்டு, சாரையும் கூட்டிவந்து நிறுத்தினார். அனந்தநாராயணன் உயரமானவர். குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் கையிலிருந்த வரைபடச் சுருளுக்குப் பிடித்திருந்தார். நான் ஷ்யாமளாவின் அக்கா பையன் என்றேன். சிரித்துத் தலையாட்டினார். மழை இந்த வருஷம் அதிகம் என்றேன். மழையை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார். முலுண்டில் வெயில் காலம் எப்படி என்று, அந்த மழையில் நின்றுகொண்டு கேட்டேன். கேலியை ரசித்தமாதிரி கண் சிரித்தது. வாய் திறக்கவில்லை.

மாமா சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று எனக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. பூலோகத்தைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"பேசுவாவ தம்பி, பேசாம என்ன? போன மாசங்கூடப் பேசுனாவ" என்று தைரியம் சொன்னார் அவர்.

மாட்டுங்காப் பக்கம் போகிற வண்டி வந்துவிட்டது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அனந்தநாராயணன் ஜன்னலருகே வந்தார்.

"அவா எந்த இடத்துலே இருக்கா?" என்று கேட்டார்.

கடலடி நகரத்து வாசல்; காவல்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. கூடவே நாலடி நடந்து வந்தார்.

"மெதுவாவே படிக்கச் சொல்லு. அவசரமே இல்லே" என்றார்.

வீட்டுக்கு வந்து, பேசுகிறார் என்று அறிக்கை கொடுத்தேன். மாமாவுக்கு நிம்மதி. என்ன பேசினார் என்று கேட்டதும் அந்த நிம்மதி போய்விட்டது. மெதுவாகவாமே, இவனுக்கும் கல்யாணத்தில் அவசரம் இல்லையா, முகூர்த்தம் இவனுக்காகக் காத்துக்கொண்டு நிற்குமா என்று பொருமினார். சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். குரல் எப்படி இருந்தது?

காலேஜில் பேராசிரியர்கள் இருமுவதைக்கூட ஒரு பக்கத்துக்கு வர்ணித்து எழுதுகிறவன் நான். அன்றைக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அனுப்பவேண்டிய ஆளை அனுப்பவில்லை என்று இருந்தது.

அடுத்த சில காலைகளில் கதை வேகம் பிடித்தது. அவளுக்கும் எழுத்துகள் வசப்பட்டிருந்தன. அந்த நகரத்தில் மேலிருந்து வருகிறவன் தான் கொண்டுவந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் உயிர் வாழவேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சுச் செலவாகும். அதனால்தான் அவன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். இளவரசி விடாமல் கேள்வி கேட்கிறாள். ஒன்றுக்கும் பதில் இல்லை என்று அழுகிறாள். அவன் அவள் கையைப் பிடித்து, காட்டவேண்டியதையெல்லாம் காட்டுகிறான். இந்த இடத்தைக் கூட்டிப் படித்துவிட்டுச் சித்தி விரலை எடுத்தாள். நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணாடியில் மாமாவும், பேச்சு வராது என்று தான் தீர்மானித்த ஆளைப் பற்றி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வைத்தியம் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. படகுக்காரனிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு மூச்சு. மேலே நங்கூரக் கயிறு இழை இழையாகப் பிரிகிறது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு மேலே போய்ச் சேரலாம்; அல்லது அவளிடம் ஒரு வார்த்தை பேசலாம். அன்றைக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. சித்தி நாடாவை வைத்து மூடிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமிக்கு எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் தன் போர்டிலிருந்தே விக்ரோலி ஃபாக்டரிக்கு லைன் போட்டிருக்கிறாள். டிராயிங் ஆபீஸ் வேண்டும் என்று கேட்டு, அனந்தநாராயணனைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். அவர் ஹலோ என்றதும், தான் யார் என்றுகூடச் சொல்லாமல், அந்தக் கடைசி மூச்சை அவன் என்ன பண்ணுகிறான் என்று கேட்டிருக்கிறாள்.

"லைன் கட்டாயிடுத்தோன்னு நெனச்சேன் மன்னி. இல்லே, மூச்சு கேட்டுண்டிருந்தது. அப்புறம் சொன்னார், எனக்கும் அந்த இடத்துலே தூக்கம் வரலே, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கோ, நான் இங்கேயே இருக்கேன்னார்."

மாமி, அதற்கு நீ என்ன சொன்னாய் என்றாள்.

"நான் தனியாப் போகலே, மீதியை நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டணும்னேன். அவ்வளவு பக்கத்தையும். வாயைத் திறந்து. சரின்னார்." சித்தி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நல்ல சரி, மன்னி. அண்ணா, எனக்குச் சம்மதம். ஆவணியிலேயே வெச்சுக்கோ."

மாமி சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமா இதற்காகத்தானே இத்தனை நாள் துடித்தார், அவர் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"முழுக்கப் படிச்சுட்டுத்தானே சொல்றேன்னே?"

அதுதான் சொல்லியாகிவிட்டதே என்றாள் சித்தி. ஆரம்பித்த காரியத்தைப் பாதியில் விடுவது நல்ல பழக்கம் இல்லை என்றார் மாமா. பாதியில் விடவில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் அவர் வாசித்துக் காட்டுவார் என்றாள். முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, தினம் காலையில் சும்மாதானே இருக்கிறாய் என்று வழக்கை நீட்டினார். உள்ளேயிருந்து மாமி, பெண்ணே சம்மதம் என்று சொன்னபிறகு இவர் ஏன் வக்கீல்மாதிரி மறிக்கிறார் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அதிலிருந்து ஜன்னலோரம் காலி. மாமாவின் சவரம் பழையபடி சட்டென்று முடிந்தது. புத்தகம் பெட்டிக்குள் போய், பெட்டி அலமாரியில் பட்டுப்புடவைகளோடு உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மாமா கிங்ஸ் சர்க்கிள் முனையில் நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"அந்தக் கயிறு பிரிஞ்சுண்டிருந்ததே. அது மணிலாக் கயிறா, தேங்காய் நாரா? மணிலான்னா இழை பிரிஞ்சாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆபீஸ் விஷயமாக் கேக்கறேன்."

சத்தியம் இன்னும் அமலில் இருக்கிறது என்றேன். அவர் அதை மதித்துத் தலையாட்டினார். அந்தக் காலத்துக் கயிறெல்லாம் நாராகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் அவர் முகத்தில் கவலை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியும் சித்தியும் செம்பூரில் ஒரு வீட்டைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போயிருந்தார்கள். நானும் காலேஜ் நாடக ஒத்திகை என்று கிளம்பிப்போய், மழையில் ஒத்திகை நடக்காமல் திரும்பிவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஹாலில், ஜன்னலோரம், சித்தி உட்காரும் இடத்தில் மாமா. மடியில் புத்தகம். கீழே தரையில் வெறும் அட்டைப் பெட்டி.

கூட்டெழுத்து ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தார். இப்படிச் சொல்லிப் பார்த்தார், அப்படிச் சொல்லிப் பார்த்தார். மலையாளத்தில் இருந்திருந்தால் என்னவாக இருக்கும் என்று ஜன்னல் கம்பியில் விரலால் எழுதிப் பார்த்தார். குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. மழையின் வெளிச்சம் போதாமல் புத்தகத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் சொட்டுகிற குடையை மடக்கி, ஓசைப்படாமல் மாடிப்படியில் ஓரடி பின்வாங்கி நின்றேன். உள்ளே மாமாவுக்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. விரல் நகர்ந்து அடுத்த வரிக்கு இறங்கியது.